மூளை ரத்தக்கசிவுக்குப் பிறகு வரும் மறதி: ரத்தப் பரிசோதனை எவ்வளவு சொல்லும்?

நான் மருத்துவர் இல்லை. உயிர்வேதியியல் ஆய்வகத்தில் ரத்த மாதிரிக் குழாய்களோடு நாளைக் கழிப்பவன். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுப் பிழைத்தவர்களின் வீட்டார் ரிப்போர்ட் வாங்க வரும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். என் பெரியப்பாவுக்கும் அது வந்தபோது, நானும் மறுபக்கம் நின்று அதே கேள்விகளைக் கேட்டேன். அவற்றையும் அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதோ மாற்றுவதோ வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். கை கால் நன்றாக இயங்குகிறது. ஆனால் ஆள் பழைய ஆள் இல்லையே, ஏன்?

இதை யாரும் முதல் வாரத்தில் கேட்பதில்லை. ஐ.சி.யு.வில் இருக்கும்போது கண் திறந்தாரா, விரலை அசைத்தாரா என்பதே பெரிய செய்தி. வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் ஆன பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் படும். காலை மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்வார். கட்டணம் கட்ட செல்போனைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று முழிப்பார். பேச்சின் நடுவே இழை அறுந்துபோகும். முன்பெல்லாம் சிரித்துவிட்டுப் போகும் விஷயத்துக்குக் கோபப்படுவார்.

இது உங்கள் பிரமை இல்லை. பிரான்சின் லில் நகரத்தில், மூளை ரத்தக்கசிவிலிருந்து பிழைத்தவர்களில் அதுவரை டிமென்ஷியா (அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு நினைவும் யோசனையும் குறையும் நிலை) இல்லாதவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் சுமார் 14 சதவீதம் பேருக்கும் நான்கு ஆண்டுக்குள் சுமார் 28 சதவீதம் பேருக்கும் டிமென்ஷியா வந்திருந்தது. மூளையின் மேற்பரப்பை ஒட்டிய மடல்களில் கசிவு ஏற்பட்டவர்களுக்கு முதலாண்டில் இந்த ஆபத்து, ஆழத்தில் கசிவு ஏற்பட்டவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். டிமென்ஷியா என்று சொல்லும் அளவுக்குப் போகாத தடுமாற்றம் இதைவிட அதிகம் பேருக்கு இருக்கும். இதே எண்களைத் திருப்பிப் படித்தால், நான்கு ஆண்டு கழித்தும் பெரும்பான்மையோர் டிமென்ஷியா இல்லாமல் இருந்தார்கள் என்பதும் தெரியும்.

பக்கவாதமும் மூளை ரத்தக்கசிவும் ஒன்றா?

ரத்தக்கசிவு பக்கவாதத்தில் ஒரு வகை. மூளையின் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் அடைப்பு வகை, குழாய் வெடித்தால் கசிவு வகை. 2019ஆம் ஆண்டு உலகக் கணக்குப்படி, புதிதாக வரும் பக்கவாதங்களில் 28 சதவீதம் மூளைத் திசுவுக்குள் ஏற்படும் கசிவு, சுமார் 10 சதவீதம் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கு அடியில் ஏற்படும் கசிவு. மீதி அடைப்பு. கசிவில் உயிரிழப்பு அதிகம் என்பதால், பிழைத்தவர்களின் நினைவாற்றலைப் பற்றிய ஆராய்ச்சி ரொம்ப நாள் பின்தங்கியே இருந்தது.

ரத்தக்கட்டி கரைந்துவிட்டது என்று ஸ்கேன் சொல்கிறது. அப்புறம் ஏன் மூளை சரியாகவில்லை?

கட்டி கரைவது நல்ல செய்திதான். ஆனால் கரையும்போது அதிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 30 மில்லிலிட்டர் ரத்தம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, மூளைக்குள் கசிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக 15 மில்லிகிராம் இரும்பு அங்கே கொட்டிக் கிடக்கிறது. நம் உடல் ஒரு நாளில் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் இரும்பே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். சிவப்பணுக்கள் உடைய உடைய ஹீமோகுளோபினும் அதிலிருந்து இரும்பும் வெளியேறி, பக்கத்துச் செல்களின் கொழுப்புப் படலத்தை அரிக்கின்றன. அதைச் சுத்தம் செய்ய வரும் அழற்சிச் செல்களும் தம் பங்குக்குச் சேதம் செய்கின்றன. கட்டியைச் சுற்றி நீர்கோத்து வீங்குவது முதல் ஒன்றிரண்டு வாரம் வரைகூட அதிகமாகிக்கொண்டே போகலாம். முதல் அடி சில நிமிடம், மணிக்கணக்கில் முடிந்துவிடும். இரண்டாவது அடி நாள்கணக்கில் விழுந்துகொண்டிருக்கும்.

இந்த இரும்பைப் பிடித்து இழுக்கும் டெஃபராக்சமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான ஐ-டெஃப் ஆய்வில் மருந்து பாதுகாப்பானது என்று தெரிந்ததே தவிர, 90 நாள் கழித்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. நோய் நடக்கும் வழி தெரிந்துவிட்டால் மருந்தும் கையில் கிடைத்துவிட்டது என்று ஆகாது.

இன்னொன்றும் உண்டு. கசிவு என்பது பெரும்பாலும் பழைய நோயின் புதிய முகம். ஆண்டுக்கணக்கில் உயர் ரத்த அழுத்தம் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைக் கெடுத்திருக்கும். அல்லது முதியவர்களுக்கு வருவதுபோல, குழாய்ச் சுவரில் அமிலாய்டு புரதம் படிந்திருக்கும். ஒரு குழாய் வெடித்தது இப்போது தெரிந்தது. மற்ற குழாய்களின் நிலைமையும் ஏறக்குறைய அப்படித்தான். கட்டி முழுதாகக் கரைந்த பிறகும் ஒன்றிரண்டு ஆண்டு கழித்து மறதி ஏறுவதற்கு முக்கியக் காரணம் இது.

பயோமார்க்கர் என்கிறார்களே, கையில் எடுக்கும் ரத்தத்தில் மூளையை எப்படிப் பார்க்க முடியும்?

மூளைச் செல் உடையும்போது அதற்குள் இருந்த புரதங்கள் சிதறும். அதில் மிகச் சிறிய பங்கு ரத்தத்துக்கு வந்து சேரும். அதை அளந்தால் உள்ளே எவ்வளவு உடைந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். பயோமார்க்கர், அதாவது குறிப்பான், என்பது இதுதான்.

எவ்வளவு சிறிய பங்கு என்றால், இவற்றில் சிலவற்றை பிக்கோகிராம் கணக்கில் அளக்கிறோம். ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பழைய கருவிகளுக்கு இது தெரியவே தெரியாது. புரத மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் சிமோவா போன்ற முறைகள் வந்த பிறகுதான், முதுகுத் தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரில் மட்டும் பார்க்க முடிந்ததைக் கை ரத்தத்திலும் பார்க்க முடிந்தது.

எந்தெந்தக் குறிப்பான்களைப் பற்றிப் பேசுகிறார்கள்?

இப்போதைக்கு இரண்டுக்குத்தான் மதிப்பு அதிகம். மற்றவை துணைப் பாத்திரங்கள்.

முதலாவது என்.எஃப்.எல்., நியூரோஃபிலமென்ட் லைட் என்பதன் சுருக்கம். நியூரான் எனும் நரம்புச் செல்லிலிருந்து நீளும் நரம்பிழைக்கு உள்ளே கம்பிபோல நின்று அதைத் தாங்கும் புரதம். இழை அறுந்தால் இது வெளியே வரும். கசிவுக்குப் பிறகு உடனே உச்சத்துக்குப் போகாது. நாள்கணக்கில் ஏறி, வாரக்கணக்கில் உயர்ந்து, மாதக்கணக்கில் நிற்கும். மூளையின் பகுதிகளை இணைப்பவை இந்த இழைகள் என்பதால், யோசிக்கும் வேகமும் திட்டமிடும் திறனும் குறைவதோடு இதற்குத் தொடர்பு இருப்பது இயல்பே.

இரண்டாவது ஜி.எஃப்.ஏ.பி. இது ஆஸ்ட்ரோசைட் எனும் நட்சத்திர வடிவத் துணைச் செல்களின் புரதம். இதன் சுபாவம் வேறு. குழாய் வெடித்து ரத்தம் பீறிடும்போது அந்தச் செல்கள் சட்டென்று கிழிபடுவதால், ஜி.எஃப்.ஏ.பி. முதல் சில மணி நேரத்திலேயே எகிறும். அடைப்பு வகையில் செல்கள் மெல்ல மெல்லச் சாவதால் இதுவும் தாமதமாகவே ஏறும். ஆம்புலன்சிலேயே இரண்டையும் பிரித்தறிய இது உதவுமா என்று ஆராய்ச்சி நடப்பது இதனால்தான். தலையில் லேசான அடிபட்டவர்களுக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவுசெய்ய, இந்தப் புரதத்தையும் யு.சி.எச்-எல்1 என்ற இன்னொன்றையும் சேர்த்து அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் அனுமதி கொடுத்தது.

எஸ்100பி, என்.எஸ்.இ. இரண்டும் பழைய குறிப்பான்கள். எஸ்100பி கொழுப்புச் செல்களிலும் தோலின் நிறமிச் செல்களிலும்கூட இருக்கிறது. எனவே ரத்தத்தில் அது கூடினால் மூளையை மட்டும் கைகாட்ட முடியாது. என்.எஸ்.இ.யின் வில்லங்கத்தைத் தனியாகச் சொல்கிறேன்.

என்.எஃப்.எல். அதிகம் என்று வந்தால் டிமென்ஷியா வரப்போகிறது என்று அர்த்தமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆய்வுகள் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. என்.எஃப்.எல். அதிகம் இருந்தவர்களைச் சேர்த்துப் பார்த்தால், குறைவாக இருந்தவர்களைவிட அவர்கள் சராசரியாகப் பின்தங்குகிறார்கள். ஆனால் இரண்டு கூட்டத்தின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று நிறையவே படிந்து கிடக்கும். எண் அதிகமாக இருந்தும் வேலைக்குத் திரும்பியவர் இருப்பார். எண் சுமாராக இருந்தும் கணக்கு வழக்கைப் பார்க்க முடியாமல் போனவர் இருப்பார். உங்கள் அம்மா எந்தப் பக்கம் என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதே. எவ்வளவு உடைந்தது என்று என்.எஃப்.எல். சொல்லும். எங்கே உடைந்தது என்று சொல்லாது. தாலமஸ் என்ற நடுப்பகுதியில் பட்டாணி அளவு சேதம் நினைவைக் குலைத்துவிடும். அதைவிடப் பெரிய சேதம் வேறோர் இடத்தில் ஏற்பட்டாலும் வெளியே அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். போதாக்குறைக்கு, கசிவுக்கு முன்பே மூளையில் எவ்வளவு கையிருப்பு இருந்தது என்பதும் எந்த ரத்தத்திலும் தெரியாது. படிப்பு, வேலை, பழக்கம் எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் கையிருப்பு அது.

அப்புறம் மூளைக்குச் சம்பந்தமில்லாத காரணங்களாலும் இந்த எண் ஏறி இறங்கும். வயது கூடக் கூட தானாகவே ஏறும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் தங்கிவிடும். சர்க்கரை நோயால் கால் நரம்புகள் கெட்டிருந்தால் அங்கிருந்தும் வரும். உடல் எடை அதிகமானவர்களிடம் சற்றுக் குறைவாகக் காட்டும். மூளை ரத்தக்கசிவு வந்தவர்களில் வயதானவர், சர்க்கரை உள்ளவர், சிறுநீரகம் தளர்ந்தவர் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் இது உபயோகமற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆளிடம், ஒரே கருவியில், மாத இடைவெளிகளில் எடுத்து ஒப்பிட்டால் அர்த்தம் கூடும். இறங்கி வந்த எண் மறுபடி ஏறினால், உள்ளே ஏதோ புதிதாக நடக்கிறதா என்று பார்க்கத் தூண்டும். மருந்து ஆய்வுகளில் இது ஏற்கெனவே பெரிய இடத்தைப் பிடித்துவிட்டது. ஏ.எல்.எஸ். நரம்பு நோயின் ஒரு மரபு வகைக்கு டோஃபர்சென் என்ற மருந்தை எஃப்.டி.ஏ. 2023இல் துரிதமாக அனுமதித்ததே என்.எஃப்.எல். குறைந்ததை ஆதாரமாகக் கொண்டுதான். ஆராய்ச்சியில் நல்ல கருவி. ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைச் சொல்லும் ஜாதகம் இல்லை.

சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஏதாவது தெரியுமா?

ஓரளவு. முழு ரத்த எண்ணிக்கையில் வரும் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரண்டு வெள்ளையணு வகைகளின் விகிதம் முதல் நாட்களில் அதிகமாக இருந்தால், அழற்சி அதிகம் என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் சராசரியாக மெல்லவே தேறுகிறார்கள். அழற்சியின்போது ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதமும் அப்படித்தான். ஆனால் நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் இவை ஏறும். ஐ.சி.யு.வில் அந்த இரண்டும் சகஜம். ஆகவே மறதியைக் கணிக்க இவற்றை நம்ப வேண்டாம்.

ஒரு ஆய்வகத்தில் ஒரு எண், இன்னொன்றில் வேறு எண். யாரை நம்புவது?

இது என் பேட்டை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்த மாதிரிக் குழாயைச் சுழற்றியில் போட்டு எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அதைத்தான் அளக்கிறோம். சில நாள் அந்த நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். நரம்பு கிடைக்காமல் மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்திருப்பார்கள், குழாயைப் போட்டுக் குலுக்கியிருப்பார்கள், அல்லது வெயிலில் வண்டியில் கிடந்திருக்கும். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்பதற்கு அந்தச் சிவப்புதான் சாட்சி. என்.எஸ்.இ. என்ற குறிப்பான் சிவப்பணுக்களுக்குள்ளேயே நிறைய இருக்கிறது. எனவே மூளையில் ஒன்றுமே நடக்காமல், ஊசி போட்டவரின் அவசரத்தாலேயே அந்த எண் தாறுமாறாக ஏறும். இளஞ்சிவப்புக் குழாயைப் பார்த்தால் நாங்கள் திருப்பி அனுப்பி, மறுபடி ரத்தம் கேட்போம். வீட்டார் முகம் சுளிப்பார்கள். வேறு வழியில்லை.

என்.எஃப்.எல்.லுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஒரு கம்பெனிக் கருவி தரும் எண்ணை இன்னொரு கம்பெனிக் கருவி தரும் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது. முதல் தடவை எங்கே எடுத்தீர்களோ, எந்த முறையில் எடுத்தீர்களோ, அதிலேயே தொடருங்கள். இரண்டு ரிப்போர்ட்டை அருகருகே வைத்து, கூடிவிட்டது என்று தூக்கத்தைத் தொலைப்பதற்கு முன், கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கும் பரிசோதனை முறையின் பெயரைப் பாருங்கள்.

அல்சைமர் நோய்க்கு ரத்தப் பரிசோதனை வந்துவிட்டதாமே. அதை எடுத்துப் பார்க்கலாமா?

வந்திருப்பது உண்மை. பி-டௌ 217 என்ற புரதத்தையும் அமிலாய்டையும் ரத்தத்தில் அளந்து விகிதம் பார்க்கும் பரிசோதனைக்கு 2025 மே மாதம் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. அறிகுறி உள்ளவர்களுக்கு, நிபுணரின் மேற்பார்வையில் எடுக்க வேண்டியது அது.

ரத்தக்கசிவு வந்தவருக்கு இதில் இரண்டு சிக்கல். மூளை அடிபட்ட புதிதில் டௌ புரதம் எப்படியும் சிதறி வெளியே வந்திருக்கும். அந்தச் சமயத்தில் எடுக்கும் எண்ணைப் படிப்பது கஷ்டம். சிறுநீரக நோயும் எண்ணை ஏற்றிவிடும். இது முதல் சிக்கல்.

இரண்டாவதுதான் முக்கியம். பரிசோதனையில் அமிலாய்டு இருப்பதாக வந்தால், அடுத்த கேள்வி லெக்கனிமாப் போன்ற அமிலாய்டை அகற்றும் மருந்தைப் போடலாமா என்பதாக இருக்கும். அந்த வகை மருந்துகளின் அறியப்பட்ட பக்கவிளைவே மூளை வீக்கமும் ரத்தக்கசிவும்தான். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கசிவு ஏற்கெனவே வந்தவர்களை ஆய்வுகளிலேயே சேர்க்கவில்லை. மடல்களில் கசிவு வந்த முதியவரின் குழாய்ச் சுவரிலேயே அமிலாய்டு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவருக்கு மறுபடி கசிவு வரும் ஆபத்து ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம். மற்றவர்களுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம். விடை எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால், அந்தப் பரிசோதனை எதற்கு என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அப்படியானால் எந்த ரத்தப் பரிசோதனையைத்தான் எடுப்பது?

அலங்காரமில்லாத, எந்த ஆய்வகத்திலும் எடுக்கிற பரிசோதனைகள். மூளைப் புரதம் என்று விளம்பரம் செய்யும் விலையுயர்ந்த தொகுப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, சோடியம் எடுத்தீர்களா என்றுதான்.

சோடியம் குறைந்தால் மந்தம், குழப்பம், தூக்கம். தைராய்டு குறைந்தால் யோசனையும் பேச்சும் மெதுவாகும், மனச்சோர்வுபோலவே தோன்றும். பி12 குறைந்தால் மறதியும் கால் மரத்துப்போவதும் சேர்ந்து வரும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையோ ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. சர்க்கரை, ஹீமோகுளோபின், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம், கண்டுபிடித்தால் சரிசெய்ய முடியும். என்.எஃப்.எல்.லுக்கு அந்தக் குணம் கிடையாது.

வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் கணக்கில் எடுங்கள். ஃபெனிடாயின் அளவு ரத்தத்தில் கூடினால் தள்ளாட்டமும் மந்தமும் வரும். வால்ப்ரோயேட் அம்மோனியாவை ஏற்றிக் குழப்பத்தை உண்டாக்கலாம். லெவெடிரசெட்டாம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். ஆளே மாறிவிட்டார் என்று வீட்டார் சொல்வதில் ஒரு பங்கு மாத்திரையினால் இருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவரிடம் சொல்லி மாற்றலாம்.

ரத்தம் சொல்லாததை எது சொல்லும்?

காகிதமும் பேனாவும்.

நினைவையும் யோசிக்கும் திறனையும் பார்க்க மோகா என்று ஒரு தேர்வு இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியாலில் உருவாகி 2005இல் வெளிவந்தது. 30 மதிப்பெண், 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். பள்ளிப் படிப்பு 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பார்கள். பள்ளிக்கே போகாதவர்களுக்குத் தனி வடிவம் உண்டு. 1975 முதல் புழக்கத்தில் இருக்கும் எம்.எம்.எஸ்.இ. தேர்வைவிட இது பக்கவாதம் வந்தவர்களுக்குப் பொருத்தம். ஏனென்றால் இவர்களுக்கு நினைவைவிடத் திட்டமிடுவதும் கவனத்தை மாற்றுவதும்தான் முதலில் அடிவாங்கும். எம்.எம்.எஸ்.இ. அதை அவ்வளவாகத் தொடாது.

என் பெரியப்பா நன்றாகத்தான் பேசினார். தேதி சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார். பிறகு ஒரு கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். வட்டம் அழகாக வந்தது. பன்னிரண்டு எண்களும் இடம் பிசகாமல் உட்கார்ந்தன. சின்ன முள்ளை 11க்குப் போட்டார். பெரிய முள்ளை 10க்குப் போட்டார். பேனாவை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். பத்து என்று காதில் விழுந்த சொல் அவர் கையை 10க்கு இழுத்துவிட்டது. பத்து நிமிடம் என்றால் முள் 2இல் நிற்க வேண்டும் என்று ஒரு கணம் நிறுத்தி யோசிக்கும் அந்தத் தடை அவரிடம் வேலை செய்யவில்லை. முன்மடலோடு தொடர்புடைய திறன் அது. எந்தப் புரதத்தை அளந்திருந்தாலும் இவ்வளவு துல்லியமாக எங்களுக்குத் தெரிந்திருக்காது.

வலப்பக்க மூளையில் கசிவு வந்த சிலர் எல்லா எண்ணையும் வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிடுவார்கள். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்கள் கவனத்தில் இருக்காது. இடப்பக்க மூளையில் கசிவு வந்து பேச்சு பாதித்தவர் நினைவுத் தேர்வில் தோற்றால், மறந்ததால் தோற்றாரா, சொல் கிடைக்காமல் தோற்றாரா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் தேர்வு வைக்க வேண்டும்.

இந்தத் தேர்வை எப்போது எடுக்க வேண்டும்?

ஆஸ்பத்திரிப் படுக்கையில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். அப்போது இருப்பது பெரும்பாலும் டெலிரியம், அதாவது நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறும் தற்காலிகக் குழப்பம். மூன்று மாதம் வாக்கில் ஒரு தடவை, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ இன்னொரு தடவை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். தேறுவது முதல் சில மாதங்களில்தான் வேகமாக நடக்கும் என்றாலும், அதோடு நின்றுவிடாது.

அதே சமயம் மனச்சோர்வையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. மனம் சோர்ந்தவருக்கு எதுவுமே மனதில் பதியாது. அதையும் மறதி என்றுதான் வீட்டில் சொல்வோம்.

அனியூரிசம் (ரத்தக்குழாயில் பலூன்போலப் புடைத்த இடம்) வெடித்து உறைக்கு அடியில் கசிந்தவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பகுதி பொருந்தும். இவர்கள் சராசரியாக வயது குறைந்தவர்கள், வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். அதனால் சின்னத் தடுமாற்றமும் பெரிதாக இடிக்கும். கூடுதலாக மூன்று விஷயம். முதல் இரண்டு வாரத்தில் குழாய்கள் சுருங்கி இன்னொரு சேதம் நேரலாம். அதற்காகத்தான் நிமோடிபின் மாத்திரையை 21 நாள் கொடுக்கிறார்கள். சிலருக்குப் பிட்யூட்டரி சுரப்பி மந்தமாகி, தீராத களைப்பு வரும். ஹார்மோன் பரிசோதனையில் அது தெரியும். மூன்றாவது, மூளைநீர் வடியும் பாதை கெட்டு உள்ளே தேங்கலாம். நன்றாகத் தேறி வந்தவர் வாரக்கணக்கில் பின்வாங்கி, கால் தரையில் ஒட்டியதுபோல நடந்து, சிறுநீரை அடக்க முடியாமல் போனால் மறதி என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். தேங்கிய நீரை வடிக்கும் ஷன்ட் என்ற குழாயை வைத்தால் ஆள் திரும்பக் கிடைக்கக்கூடிய நிலைமை அது.

ஞாபகத்துக்கு மாத்திரை உண்டா?

ரத்தக்கசிவுக்குப் பின் வரும் மறதியைத் திருப்பும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இல்லை. சிட்டிகோலின் பலருக்கும் எழுதப்படுகிறது. அடைப்பு வகைப் பக்கவாதத்தில் அதைச் சோதித்த பெரிய ஆய்வு 2012இல் வெளிவந்தது, பலன் காட்டவில்லை. டொனபெசில் அல்சைமருக்கான மருந்து. இரண்டு நோயும் சேர்ந்திருப்பதாக மருத்துவர் நினைத்தால் கொடுத்துப் பார்ப்பார். ஜின்கோ கலந்த மூலிகை மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ரத்தம் உறைவதில் அவை குறுக்கிடக்கூடும் என்ற சந்தேகம் இருக்கிறது.

செய்ய முடிந்ததில் பெரியது ரத்த அழுத்தம். அமெரிக்க இதய சங்கமும் ஸ்ட்ரோக் சங்கமும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 130/80 என்ற இலக்கைச் சொல்கிறது. வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பாருங்கள். காது சரியாகக் கேட்கிறதா, கண்ணாடி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்காத சொல்லை யாராலும் நினைவில் வைக்க முடியாது.

பிள்ளைகளான எங்களுக்கும் வருமா?

பெரும்பாலும் மரபாக வருவது கசிவு அல்ல, ரத்த அழுத்தம். உங்கள் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தோரில் இரண்டு பேருக்கு அனியூரிசம் இருந்தால் மற்றவர்களுக்கும் ஸ்கேன் பற்றிப் பேச வேண்டும். அமிலாய்டு படிவதோடு தொடர்புடைய ஏபிஓஇ மரபணுவைச் சோதித்துப் பார்த்து இப்போதைக்கு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எதை எடுத்துப் போவது?

ஸ்கேன் படங்கள், மாத்திரைச் சீட்டு, ரத்த அழுத்தம் எழுதிய தாள். இவற்றோடு ஒரு சாதாரண நோட்டு. அவருக்கு எப்போதும் மறதி என்று சொன்னால் மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நாள், என்ன செய்யும்போது, என்ன நடந்தது என்று எழுதியிருந்தால் செய்ய முடியும்.

பெரியம்மா அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார். செவ்வாய்: வெந்நீர் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார், பாத்திரம் கருகியது. புதன்: நன்றாக இருந்தார், பத்திரிகை படித்துச் சொன்னார். வெள்ளி: ராத்திரி பூராவும் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுந்தார். சனி: என் பெயர் சட்டென்று வரவில்லை. நரம்பியல் மருத்துவர் என் கையில் இருந்த மூன்று பக்க ரிப்போர்ட்டை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு வைத்தார். பெரியம்மாவின் நோட்டை முதலிலிருந்து படித்தார். வெள்ளிக்கும் சனிக்கும் நடுவே ஒரு கோடு போட்டார். இதேபோல இன்னும் மூன்று இடங்களில் கோடு போட்டுவிட்டு, தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.